அக்காவின் இலையில் ஒரு சிவப்புக் கிளாஸ்

படையலுக்குச் செய்கிற எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் கண்ணாலும் மூக்காலும்தான். செத்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் உயிரோடு இருப்பவர்கள். எங்கள் வீட்டில் யாரும் இதை மீறியதில்லை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பாகூட, தன் அப்பாவுக்குப் படையல் போடுகிற நாளில் கறிச்சட்டிப் பக்கம் போகமாட்டார்.

அதனால் தீபாவளிக்கு முதல் நாள், மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் எங்கள் பிளாட்டின் அடுப்படியில் தக்காளி நசுக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு இருந்த பெரிய கவலை உப்புதான்.

அக்கா விஷ்ணுப்ரியா செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. துக்க வீடு என்பதால் போன தீபாவளி எங்களுக்கு இல்லை. முறுக்கு சுடவில்லை, படையலும் போடவில்லை. இந்த வருஷம்தான் அவளுக்கு முதல் இலை. அந்த இலையில் அவள் குடிக்கிற கிளாஸ் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அக்கா கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம், ஒரு பெரிய ஓட்டலின் பாரில் பானம் கலக்கிக் கொடுக்கிற வேலை செய்தாள். சொந்தக்காரர்களிடம் அம்மா 'ஓட்டல்ல ரிசெப்ஷன்' என்பாள். அந்த ரிசெப்ஷன் சம்பளத்தில்தான் நான் வடக்கே போய் டிகிரி முடித்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி. கறுப்பு அங்கி போட்ட என் படம் ஹாலில் தொங்குகிறது. அதைக் காட்டி வாசு மாமா, அம்மாவின் தம்பி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க ரத்தம்" என்பார். ரத்தமெல்லாம் இல்லை. ஜின், விஸ்கி, வோட்கா.

லீவு நாளில் அக்கா தனக்கென்று ஒன்றே ஒன்று செய்துகொள்வாள். ப்ளடி மேரி. நன்றாகப் பழுத்த தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்துத் தோலை உரிப்பாள். மிக்ஸியில் அடிக்கமாட்டாள். "மிக்ஸில போட்டா நுரை கட்டி பிங்க் கலராயிரும்டி. பல்லு வெளக்கித் துப்புன மாதிரி இருக்கும்." கையால் நசுக்கி, தேங்காய்ப்பால் வடிகட்டியில் விட்டு, கரண்டியின் முதுகால் அழுத்துவாள். கீழே கிண்ணத்தில் கெட்டியாகச் சிவப்பு இறங்கும். அதில் உப்பு, இடித்த மிளகு, கஸ்தூரி எலுமிச்சை, சில சொட்டு ஊஸ்டர் சாஸ். சிலி பாடி என்கிற குட்டி மிளகாய் ஒன்றைக் கீறிப் போட்டு, கொஞ்ச நேரத்தில் எடுத்து எறிந்துவிடுவாள். அப்புறம் ஐஸ், அப்புறம் வோட்கா. குலுக்கக் கூடாது. ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு ஆற்ற வேண்டும்.

"தே தாரேக் டீக்காரன் மாதிரி கைய தூக்கி ஊத்தாத. பிள்ளைக்கு மருந்து ஆத்துற மாதிரி ஆத்து."

ஓட்டலில் செலரித் தண்டு வைப்பார்களாம். இங்கே ஒரு துண்டு வெள்ளரிக்காய். முதல் வாய் குடித்துவிட்டு, "டை கட்டுன ரசம்டி இது" என்று சிரிப்பாள். ஒரு கிளாஸ். அதற்கு மேல் அவள் குடித்து நான் பார்த்ததில்லை.

வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே வந்தாள். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். இரண்டு கையிலும் பை.

"ரசத்துக்கா?"

"அக்காவுக்கு."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பையை மேசையில் வைத்து, நான் ஒன்றுமே சொல்லாத மாதிரி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தாள். சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை, சட்டை. கண்ணாடி வளையல். மஞ்சள். சிவப்பு ரிப்பன்.

"ரிப்பன் யாருக்கும்மா?"

"ப்ரியாவுக்குத்தான். ஐயர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். கல்யாணம் ஆகாம போன பொண்ணு, கன்னி தெய்வமாம். சக்கரைப் பொங்கலும் பாலும்தான் வெக்கணும். கறி, மீனு எதுவும் ஆகாது."

"முப்பத்தோரு வயசு பொம்பளைக்கு ரிப்பன். அவளுக்கு இனிப்பே ஆகாது, தெரியும்ல உனக்கு?"

"தெய்வமான பிறகு ஆகும்."

"அப்பா மட்டும் தெய்வமான பிறகும் ஸ்டவுட் குடிப்பாரு."

"அவரு ஆம்பள."

"ஈரல் அழுகி செத்த ஆம்பள."

"வாய மூடுடி. நல்ல நாளும் அதுவுமா."

என் அப்பா ராஜன் லோரி ஓட்டினார். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது சம்சு என்கிற மட்டச் சாராயம், டவுனுக்கு வந்த பிறகு கையில் கிடைத்தது. வயிறு பானை மாதிரி ஊதி, கண் மஞ்சளாகி, கடைசியில் இந்த அடுப்படிக் குழாயடியில்தான் ரத்த ரத்தமாக எடுத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் இலையில் ஆட்டுக்கறி வறுவல், சிகரெட் பெட்டி, ஒரு பாட்டில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். மூடியை மாமா பயபக்தியோடு திறந்து வைப்பார். எது கொன்றதோ அதையே கூப்பிட்டு ஊற்றுகிறோம். யாருக்கும் அதில் கூச்சமில்லை. ஒரு பெண்ணின் தக்காளிச் சாற்றுக்குத்தான் கூச்சம்.

"கிளாஸ் இலையில இருக்கும்மா. நான் வெப்பேன்."

அம்மா ரிப்பனை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சாவு வீட்டுலயே வாசு என்னா கேட்டான் தெரியுமா? பொண்ணு குடிச்சிட்டா வண்டி ஓட்டுச்சுன்னு கேட்டான். பொணம் நடு வீட்டுல கெடக்குது, அப்போ கேக்குறான். இப்ப நீயே இலையில சாராயத்தக் கொண்டாந்து வெச்சு, ஆமாங்கறியா?"

மழை. பெடரல் ஹைவே. வேலை முடிந்து அக்கா மோட்டார் சைக்கிளில் வந்தாள். பின்னால் வந்த லோரிக்காரன் பிரேக் பிடிக்கவில்லை. அவள் உடம்பில் ஒரு சொட்டு மது இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். மாமாவிடம் நானே சொன்னேன். "சரிம்மா சரிம்மா" என்று தலையாட்டினார். பாரில் வேலை செய்த பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை எந்த ஆஸ்பத்திரியாலும் மாற்ற முடியாது.

"சாராயத்த மறைச்சா மட்டும் அவங்க நம்பிருவாங்களா? ரிப்பன் கட்டுனா நம்பிருவாங்களா? நீ அவள மறைக்கிற, அவ்ளோதான்."

நான் பிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். அக்காவின் வோட்கா பாட்டில் பிரீசரில், மீன் பைகளுக்குப் பின்னால், துணி சுற்றி இருக்கும். அவள் போன பிறகு நான் அதைத் தொடவில்லை.

"அத எடுக்காத" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது.

எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். அக்கா விட்டுப்போன அளவில், முக்கால் பாட்டில், அப்படியே இருந்தது. சாய்த்தால் அசையவில்லை. கண்ணாடிக்குள் வெள்ளையாக, கட்டியாக, ஐஸ்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது வோட்கா இல்லை.

"கொட்டிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"கொட்டுவாங்களா யாராச்சும்" என்றாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் வளையல்களைப் பார்த்துப் பேசினாள். "தூக்கம் வரலடி. நீ காலைல கெளம்பி பீஜேக்கு ஆபீஸ் போயிர்ற, எனக்கு பேக்டரில நைட் ஷிப்டு. பகல்ல வந்து படுத்தா லோரி சத்தமாவே கேக்குது. கொஞ்சம் எடுத்தா கண்ணு மூடுது. கொறஞ்சா நீ கண்டுபிடிச்சிருவேன்னு எடுக்க எடுக்கத் தண்ணி ஊத்துனேன்."

"வோட்கா உறையாதும்மா. தண்ணிதான் உறையும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்" என்றாள், என்னமோ நான் பரீட்சை வைத்தது போல.

அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய. அப்பாவோடு வாழ்ந்த மனுஷி, சாராய வாசம் அடித்தாலே வாந்தி எடுக்கிற மனுஷி, எப்படிப் பாட்டிலைத் திறந்தாள்? எந்த வேளைக்கு, எவ்வளவு? ஒன்றையும் கேட்கவில்லை. எனக்குக் கோபம். கையில் ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் தெரிந்தது.

"நீயே குடிக்கிற. அவ கிளாஸு இலையில இருந்தா மட்டும் அசிங்கமா?" பாட்டிலை மேசை நடுவில், ரிப்பன் பக்கத்தில் வைத்தேன். "மாமா வரட்டும். இது இங்கயே இருக்கட்டும். ஐஸ் எப்படி வந்துச்சுன்னு அவரே கேக்கட்டும், நீயே சொல்லு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கையை ஓங்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. எதிர்த்துப் பேசாத, எங்கே விழும் என்று மட்டும் கணக்குப் போடுகிற பார்வை.

"என்னா வேணும் உனக்கு?"

"அவ கிளாஸு."

"வெச்சுக்கோ."

கீழே இறங்கி ஆ சோங் கடைக்குப் போனேன். பிளாட்டுக்கு எதிரே, அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே பீர் பெட்டி அடுக்கியிருக்கிற சீனர் கடை. தீபாவளிக்கு முன்தினம், கூட்டம். நான் வோட்கா என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கல்லாவுக்குக் கீழே கையை விட்டு ஒரு சின்னத் தட்டைப் பாட்டிலை எடுத்து வைத்தார். வோட்கா இல்லை. பெயரே கேள்விப்படாத ஏதோ மலிவுச் சரக்கு.

"இதுதானே? உங்கம்மா எப்பவும் வாங்குறது" என்றார் மலாயில். "இன்னிக்கி காலைல வரல. நான் எடுத்து வெச்சேன்லா."

நல்ல மனுஷன். வாடிக்கையாளருக்காக எடுத்து வைத்திருக்கிறார். எனக்குப் பின்னால் நின்ற ஆன்டி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது வேணாம் அங்கிள். வோட்கா."

ஏறி வரும்போது படிக்கட்டில் ஒரு முறை நின்றேன். அந்தத் தட்டைப் பாட்டில் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதை நாளைக்கு யோசிக்கலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு அக்காவின் நாள். மறுபடியும் ஏறினேன்.

ஆறு மணி போல் வாசு மாமாவும் சீதாலெட்சுமி அத்தையும் வந்தார்கள். மாமா கையில் ஸ்டவுட் பாட்டில்கள் கிணுகிணுத்தன. ஒன்று அப்பாவுக்கு. மற்றதெல்லாம் மாமாவுக்கு.

"என்னா கிராஜுவேட், சமையல்லாம் உண்டா? இல்ல கம்ப்யூட்டர்லயே வடை சுட்டாச்சா?"

"வடை அம்மா சுட்டாங்க. நான் தண்ணி கலக்குறேன்."

சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அம்மா சாமி அறையில் இரண்டு இலை போட்டாள். அப்பா படத்துக்கு முன்னால் ஒன்று, அக்கா படத்துக்கு முன்னால் ஒன்று. அப்பா இலையில் கறி, மீன், முட்டை, சிகரெட். அக்கா இலையில் சர்க்கரைப் பொங்கல், பால், மடித்த பாவாடை. ரிப்பனைக் காணோம். வைக்காமல் விட்டிருந்தாள். அது எனக்காகவா, அக்காவுக்காகவா, பயந்தா, தெரியாது.

நான் அடுப்படியில் கிளாஸின் விளிம்பை எலுமிச்சையால் ஈரப்படுத்தி உப்பில் கவிழ்த்தேன். வோட்காவை ஊற்றி ஆற்றினேன். மருந்து ஆற்றுகிற மாதிரி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், கை கேட்கவில்லை. கொஞ்சம் நுரை கட்டிவிட்டது. உப்பு போட்டேனா, இரண்டு முறை போட்டேனா என்று சந்தேகம். நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் வைக்கவில்லை. அதை முதலில் குடிக்க வேண்டியவள் அவள்.

கிளாஸை எடுத்துக்கொண்டு ஹாலைக் கடந்தபோது மாமா பேச்சை நிறுத்தினார்.

"என்னாது இது?"

"ப்ளடி மேரி மாமா. வோட்கா. அக்கா குடிக்கிறது."

"வெளையாடாத. பொட்டப்புள்ள இலையில..." அம்மா பக்கம் திரும்பினார். "என்னாக்கா இது? ஊரு பேசுறது பத்தாதா? குடிச்சிட்டுப் போயி உழுந்துச்சுன்னு..."

"அவ குடிக்கல மாமா. பின்னால வந்து இடிச்சான். ஒங்ககிட்ட நான்தான் சொன்னேன், நீங்கதான் தலையாட்டுனீங்க. அப்பா குடிச்சிட்டு லோரிய கால்வாய்ல எறக்குனாரே, அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலயே. வருஷா வருஷம் மூடி தொறந்து வெக்கிறீங்க."

"வீரம்மாக்கா, இவ வாயப் பாத்தியா. படிக்க வெச்சதுக்கு..."

"படிக்க வெச்சது அவ" என்றேன், படத்தைக் காட்டி.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அம்மாவின் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்படி மேசையில் இன்னும் அந்த ஐஸ் பாட்டில் இருந்தது, பாதி உருகி, அடியில் தண்ணீர் கோலமிட்டுக்கொண்டு. அம்மாவுக்கு அது தெரியும்.

"வெக்கட்டும் வாசு" என்றாள். "அவ குடிக்கிறதுதான்."

நான் உள்ளே போய், பால் செம்பைக் கொஞ்சம் நகர்த்தி, அக்கா இலையின் வலது பக்கம் கிளாஸை வைத்தேன். வெள்ளரித் துண்டு சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தேன். அப்பாவின் ஸ்டவுட்டும் அக்காவின் கிளாஸும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே வரிசை.

கற்பூரம் காட்டினோம். விழுந்து கும்பிட்டோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் உள்ளே யாரும் இருக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கீழே பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா முகத்தை உம்மென்று வைத்திருந்தார். நான் வெற்றி பெற்றவள் மாதிரி முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா மட்டும் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை மடியில் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருந்தாள். நடுங்குவதால் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். அழுகை வருகிறது போல என்று நினைத்தேன்.

கதவை மூன்று முறை தட்டித் திறந்தோம். படையலை எடுத்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும், மீதம் வைக்கக் கூடாது. மாமா அப்பாவின் ஸ்டவுட்டைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டார். கறியை அத்தை பரிமாறினாள். சர்க்கரைப் பொங்கல்கூட ஆளுக்குக் கொஞ்சம் போனது. அக்காவின் கிளாஸ் மட்டும் மேசையில் தனியாக நின்றது. ஐஸ் கரைந்து, மேலே தண்ணீரும் கீழே சிவப்புமாகப் பிரிந்திருந்தது.

"அத வெளிய செடில ஊத்திரலாம்" என்றாள் அத்தை மெதுவாக.

"செடிக்கா படைச்சோம்?" என்றேன். "நான் குடிக்கிறேன்."

நான் எழுந்து கை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

தன் தம்பி முன்னால், தம்பி பெண்டாட்டி முன்னால், என் அம்மா அந்தக் கிளாஸைக் கையில் எடுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒத்துக்கொள்கிறாளே என்று. மகளை மகளாகவே ஏற்றுக்கொண்டாள் என்று. மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது.

அம்மா குடித்தாள்.

வெள்ளரிக்காயை ஒதுக்கவில்லை. ருசிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, மூச்சு விடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையைத் திறந்துவிட்டு, தண்ணீர் குழாயைத் திறந்த மாதிரி உள்ளே இறக்கினாள். அப்படிக் குடிக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். கிளாஸைக் கவிழ்த்து, அடியில் தங்கினதைத் தட்டி வாயில் விட்டுக்கொண்டாள். உதட்டோரம் சிவப்பு வழிந்தது. கோத்துப் பிடிக்காமலேயே அவள் கைகள் இப்போது நடுங்காமல் நின்றன.

"உப்பு கூடிப்போச்சு" என்றாள். பிறகு கிளாஸை என்னிடம் நீட்டினாள். "இன்னும் இருக்கா?"

மாமா முதலில் சிரித்தார். "பாருடா, அக்காவ. ஊத்தும்மா, தீபாவளிதானே" என்று தன் ஸ்டவுட்டைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு இப்போது மன்னிக்கிற மனசு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள்.

நான் கிளாஸை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். வடிகட்டியில் சக்கையும் விதையும்தான் இருந்தன. புதிதாக வாங்கிய வோட்கா முக்கால்வாசி அப்படியே இருந்தது. குழாயடியில் கொட்டிவிடலாம் என்று மூடியைத் திருகினேன்.

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

"தக்காளி தீந்துபோச்சும்மா."

"தக்காளி எதுக்கு" என்றாள்.

பாட்டிலின் கழுத்தைப் பிடித்தாள். நான் அடியைப் பிடித்திருந்தேன். ராத்திரி முழுக்க பேக்டரியில் ரப்பர் கையுறை இழுத்து உருவி உரமேறிய விரல்கள் அவளுடையவை. ஒன்றும் பேசாமல் இழுத்தாள். நானும் பேசாமல் இழுத்தேன், ஹாலுக்குக் கேட்கக் கூடாது என்று.